ஈரம் எட்டாத துறவி

இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில், சீன எல்லையை ஒட்டிய ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் கியூ என்றொரு சிறு கிராமம் இருக்கிறது. அங்கே கண்ணாடிப் பேழை ஒன்றுக்குள் பௌத்தத் துறவி ஒருவர் முழங்காலை மடித்து அமர்ந்திருக்கிறார். அவர் இறந்து ஏறக்குறைய 500 ஆண்டுகள் ஆகின்றன. பற்கள் வரிசை குலையாமல் தெரிகின்றன. தலையோட்டில் தோல் ஒட்டியிருக்கிறது, அதன்மேல் மயிரும் இருக்கிறது. எகிப்தில் செய்ததுபோல் எவரும் இவருடைய குடலை அகற்றவில்லை, பிசின் தடவவில்லை, துணிச்சுருள் சுற்றவில்லை. இறந்தபடியே இருந்தார், இருந்தபடியே காய்ந்தார்.

அதே துறவியை, அதே கோலத்தில், வட இலங்கையில் உள்ள பூநகரியின் கௌதாரிமுனை மணலில் இருத்தியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? ஒரு மாரி கழிவதற்குள் எலும்பு மட்டும்தான். அப்படியென்றால் கியூவின் உடலைக் காத்தது அவருடைய தவமா, அந்த மலையா? இக்கேள்விக்கு விடை தேட நாம் பின்தொடர வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று: நீர்.

கியூவுக்குப் போகும் வழி

சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக சத்லஜ் ஆற்றையும், பின்பு ஸ்பிட்டி ஆற்றையும் ஒட்டி மேலேறும் மலைப்பாதையில் சும்தோ என்ற சோதனைச்சாவடி வருகிறது. அதைக் கடந்தபின் கிளைவீதி ஒன்று பிரிந்து கியூவுக்கு ஏறும். கிராமம் கடல்மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்கு மேல் இருக்கிறது. 996இல் நிறுவப்பட்ட புகழ்பெற்ற தாபோ மடாலயம் அங்கிருந்து சுமார் 50 கிலோமீற்றர். எல்லைப் பகுதி என்பதால் இலங்கையர் உட்பட வெளிநாட்டவர் எவரும் இந்தப் பாதையில் செல்லத் தனி அனுமதிச்சீட்டு பெற வேண்டும். மணாலிப் பக்கமிருந்து வரும் குன்சும் கணவாய் குளிர்காலத்தில் பனியால் மூடிவிடும். கின்னோர்ப் பாதைதான் ஆண்டின் பெரும்பகுதியும் திறந்திருக்கும்.

துறவியின் பெயர் சங்கா தென்சின் என்று ஊரார் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் கிராமத்தைத் தேள்கள் பெருகி வாட்டினவாம். தம்மை உயிரோடு சமாதி வைக்கும்படி துறவி சீடர்களிடம் கேட்டுக்கொண்டாராம். அவருடைய உயிர் பிரிந்தபோது வானத்தில் வானவில் தோன்றியதாம், தேள்கள் மறைந்தனவாம். இது ஊரின் நம்பிக்கை.

பதிவில் உள்ள செய்தி வேறு. 1975 ஜனவரி 19ஆம் திகதி கின்னோரைத் தாக்கிய 6.8 அளவு நிலநடுக்கம் மலைச்சரிவுகளைப் பிளந்தது. பழைய சமாதி ஒன்றும் அதில் திறந்துகொண்டது. பின்னாளில் எல்லைக் காவற் படையினர் நிலம் தோண்டும்போது உடல் முழுமையாக வெளிவந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் சீனவியற் பேராசிரியர் விக்டர் மெயர் இவ்வுடலை ஆராய்ந்தவர்களில் ஒருவர். மேற்குச் சீனாவின் தாரிம் பாலைவன உடல்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. காபன் காலக்கணிப்பு இத்துறவியை 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைக்கிறது. யாழ்ப்பாண இராச்சியம் நல்லூரிலிருந்து ஆளப்பட்ட காலம் அது. போர்த்துக்கேயர் இன்னும் இலங்கைக் கரையில் கால்வைத்திருக்கவில்லை.

அழுகலுக்குத் தண்ணீர் வேண்டும்

வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர். இதயம் நின்றதும் கலங்களுக்கு ஒட்சிசன் கிடைப்பது நிற்கிறது. கலங்களுக்குள் அடங்கியிருந்த நொதியங்கள் அணை உடைத்து, தம்மைச் சுமந்த கலத்தையே கரைக்கத் தொடங்குகின்றன. இது முதற்கட்டம். குடலில் வாழும் கோடானுகோடி பற்றீரியாக்கள் அடுத்த கட்டத்தை நடத்துகின்றன. உயிரோடு இருக்கும்வரை உணவைச் செரிக்க உதவியவை, இப்போது குடற்சுவரைத் தாண்டி இரத்தக்குழாய்கள் வழியே உடலெங்கும் பரவுகின்றன. அவை வெளியிடும் வாயுக்களால் வயிறு ஊதுகிறது, தோல் நிறம் மாறுகிறது. வெளியிலிருந்து ஈக்கள் வந்து முட்டையிடுகின்றன. வெப்பமும் ஈரமும் நிறைந்த நாட்டில், திறந்த வெளியில் கிடக்கும் உடல் சில வாரங்களுக்குள் எலும்பாகிவிடும்.

இந்த வேலைக்காரர் அனைவருக்கும் பொதுவான தேவை நீர். நொதியம் நீரில்தான் இயங்கும். பற்றீரியா நீரில் கரைந்த உணவைத்தான் உறிஞ்சும். ஆனால் ஒரு பொருளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நீரை நுண்ணுயிர்கள் எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பதே முக்கியம். உணவு விஞ்ஞானிகள் இதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தூய நீர் 1. இந்த அளவு 0.91க்குக் கீழ் இறங்கினால் பெரும்பாலான பற்றீரியாக்கள் பெருகா. 0.80 அளவில் பெரும்பாலான பங்கசுகளும் ஓய்ந்துவிடும். 0.60க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளர்வதில்லை.

பூநகரிக் கரையில் கருவாடு போடுபவர்கள் இந்த எண்களைக் கேள்விப்படாமலே தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கைச் செய்துவருகிறார்கள். திருக்கையோ கட்டாவோ, முதலில் குடலை எடுக்கிறார்கள். பற்றீரியாக்களின் பெருங்கூடாரம் அதோடு போய்விடுகிறது. தசையைக் கீறி உப்பை அழுத்துகிறார்கள். உப்பு நீரை வெளியே இழுக்கிறது, எஞ்சிய நீரையும் நுண்ணுயிர்கள் எடுக்கவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிறகு வெயில், சோளகக் காற்று. மெல்லிய மீன் சீக்கிரம் காயும், கொழுத்த மீன் தாமதிக்கும், எண்ணெய் கசிந்து காறும். உப்பு முழுவதும் ஊறிய நீரின் அளவு 0.75. அதிலும் வாழத் தெரிந்த சில உப்புவிரும்பி நுண்ணுயிர்கள் உண்டு. சில வேளைகளில் கருவாடு இளஞ்சிவப்பாவது அவற்றால்தான்.

ஐப்பசி பிறந்து காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் கணக்கு தலைகீழாகிறது. அதற்குமேல் உப்பே காற்றிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கும். நன்றாய்க் காய்ந்த கருவாடும் கசிந்து பூஞ்சணம் பிடிக்கும். பூநகரிக்குக் கிடைக்கும் ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றருக்கு மேல், அதில் பெரும்பகுதி ஒரு சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் காயவைத்துத் தருகிற நிலம், மாரியில் அதைத் திரும்ப நனைக்காமல் விடாது.

மலை செய்த வேலை

ஸ்பிட்டி இமயத்தின் மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரம் முழுவதும் தெற்கு மலைமுகட்டில் இறங்கிவிட, உள்ளே வருவது வறண்ட காற்று. அங்கு மழையாக விழுவது ஆண்டுக்கு 200 மில்லிமீற்றருக்கும் குறைவு. குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும்.

குளிர்ந்த காற்று தன்னுள் மிகக் குறைந்த நீராவியையே வைத்திருக்கும். 30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையில் அது தாங்குவது வெறும் இரண்டரைக் கிராம் அளவே. அந்தக் காற்று பகல் வெயிலில் சற்றுச் சூடேறும்போது மிக வறண்டதாகி, தொட்டதையெல்லாம் உலர்த்தும். உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறைவதும் நீர் ஆவியாவதை விரைவாக்குகிறது. கியூவின் உயரத்தில் வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதன் 70 சதவீதம் அளவுதான். உறைந்த ஈரம் நீராகாமலே நேராக ஆவியாகும் நிகழ்வும் இத்தகைய இடங்களில் நடக்கும்.

குளிர் இன்னொரு வகையிலும் உதவுகிறது. பற்றீரியாக்களின் பெருக்கம் குளிரில் மந்தமாகும். 10 பாகைக்குக் கீழே ஈக்கள் பறப்பதே அரிது, அதனால் புழுவும் இல்லை. ஆக, அழுகலும் உலர்தலும் ஓடும் ஓட்டப்பந்தயத்தில் ஒரு பக்கத்தின் காலைக் குளிர் கட்டிவிடுகிறது, மறுபக்கத்தை வறண்ட காற்று முதுகில் தள்ளிவிடுகிறது. தசையில் எடுக்கக்கூடிய நீர் முடிந்துவிட்டால், பிறகு வெயில் வந்தாலும் அழுகல் மீண்டும் தொடங்காது, உடல் நனையாதவரை.

உலகின் இயற்கையான பதனுடல்கள் பெரும்பாலும் இவ்வாறான எல்லைநிலங்களிலிருந்தே கிடைத்துள்ளன. ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீற்றர் உயரத்தில் 1991இல் வெளிப்பட்ட ஓட்ஸி என்ற மனிதர் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்டவர். பனி அவரைக் காத்தது. சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைவனத்தில் மழையின்மை காத்தது. ஈரானின் சன்ஜான் பகுதியில், பழைய உப்புச் சுரங்கம் இடிந்து புதைந்த தொழிலாளிகளை உப்பே காத்தது. டென்மார்க்கில் 1950இல் கண்டெடுக்கப்பட்ட தொல்லுண்ட் மனிதர் ஈரச் சதுப்பில் கிடந்தும் அழுகவில்லை. அங்கே நீர் இருந்தது, ஆனால் ஒட்சிசன் இல்லை, அமிலம் இருந்தது, தோல் பதனிட்டதுபோல் ஆகிவிட்டது. வழிகள் பல. நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஏதோ ஒன்று அங்கே இல்லாமற்போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துறவி செய்த வேலை

அப்படியென்றால் ஸ்பிட்டியில் இறந்த எல்லாரும் இப்படியே இருந்திருக்க வேண்டுமே? இல்லை. மலை வாய்ப்பைத் தந்தது, துறவியின் வாழ்வு அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டது.

கியூத் துறவியின் கழுத்தையும் முழங்காலையும் சுற்றி ஒரு பட்டை கட்டப்பட்டிருக்கிறது. திபெத்தியத் துறவிகள் நெடுநேரத் தியானத்தில் உடல் சரியாதிருக்கக் கட்டும் பட்டை அது. அமர்ந்த நிலையிலேயே உயிர் பிரிந்ததற்கு அதைச் சான்றாகக் கொள்கிறார்கள். அமர்ந்திருக்கும் உடலிலிருந்து திரவங்கள் கீழ்நோக்கி வடியும், மேற்பகுதி விரைவாக உலரும்.

ஆய்வாளர்கள் சுட்டிய இன்னொரு தடயம் உடலில் எஞ்சிய நைதரசனின் மிகுதி. நெடுநாள் உண்ணாதிருந்ததன் அடையாளமாக அதை விளக்குகிறார்கள். பட்டினியின்போது உடல் முதலில் சேமித்த மாச்சத்தையும், பிறகு கொழுப்பையும் எரிக்கிறது. அவை தீர்ந்தால் தன் தசைப் புரதத்தையே எடுத்து எரிக்கத் தொடங்கும். புரதத்தில் நைதரசன் உண்டு. அதன் பாரமான சமதானியாகிய நைதரசன்-15, உடல் தன்னையே தின்னும் நாட்களில் இழையங்களில் கூடுகிறது. மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், அதைத் துண்டு துண்டாகச் சோதித்தால் கடைசி மாதங்களின் நாட்குறிப்பை வாசிக்கலாம். ஆர்ஜென்டீனாவின் யுயாயாக்கோ மலையுச்சியில், 6,739 மீற்றர் உயரத்தில் 1999இல் கிடைத்த மூன்று இன்காச் சிறாரின் மயிரை இவ்வாறு வாசித்தபோது, பலியிடப்படுவதற்கு முந்தைய மாதங்களில் அவர்களின் உணவு மாறியதும், மூத்த சிறுமிக்குக் கொக்கா இலையும் மதுவும் மிகுதியாகக் கொடுக்கப்பட்டதும் தெரியவந்தன.

பட்டினியால் வற்றிய உடலில் கொழுப்புக் குறைவு, தசை மெலிவு, குடல் வெறுமை. உலர்த்த வேண்டிய பருமன் சிறிது, அழுக வைக்கும் படையும் சிறிது. யப்பானின் யமகத்தா மாவட்டத்துத் துறவிகள் இதை ஒரு நெறியாகவே வளர்த்தெடுத்தார்கள். தானியங்களை விலக்கி, ஆண்டுக்கணக்கில் கொட்டை, வேர், மரப்பட்டை மட்டும் உண்டு, கடைசியில் நிலவறைக்குள் அமர்ந்து உயிர் நீத்தவர்கள் அவர்கள். அரக்கு மரத்தின் நச்சுச் சாற்றைச் சிலர் பருகியதாகவும் மரபு சொல்கிறது. 1783இல் மறைந்ததாகக் குறிக்கப்படும் ஷின்னியோகாயின் உடலைத் தைனிச்சிபோ கோயிலில் இன்றும் காணலாம். மெய்ஜி அரசு 19ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கத்தைத் தடைசெய்தது.

யப்பானின் இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சில ஆண்டுகள் கழித்து நிலவறையைத் திறந்து பார்ப்பார்கள். உடல் கெடாதிருந்தால் கோயிலுக்கு வரும். கெட்டிருந்தால் மரியாதையோடு மீண்டும் புதைக்கப்படும். இன்று எஞ்சி நிற்பவை ஏறக்குறைய இருபது. அதே விரதத்தை அதே உறுதியோடு நோற்றும் மண்ணோடு மண்ணானவர்களை நாம் பார்ப்பதில்லை. நிலைத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, விரதம் தவறாமல் பலன் தரும் என்று முடிவுகட்டினால் அது கணக்குப் பிழை. யப்பானின் ஈரமான மண் பலருடைய விரதத்தைத் தோற்கடித்தது. ஸ்பிட்டியின் வறண்ட காற்று கியூத் துறவியைத் தோற்க விடவில்லை.

நம் மரபின் சமாதிக்குழி

அமர்ந்த கோலத்தில் துறவியை நிலத்துள் வைப்பது நமக்கும் புதிதல்ல. இல்லறத்தாரைச் சுடலையில் எரிக்கும் சைவ மரபு, ஞானியரை மட்டும் சமாதி வைக்கிறது. திருமந்திரத்தின் ஏழாந் தந்திரம் சமாதிக் கிரியை என்ற பகுதியில் அதற்கான முறையையே வகுத்துச் சொல்கிறது. ஒன்பது சாண் ஆழத்தில் குழி, பத்மாசனத்தில் உடல், தருப்பையும் திருநீறும் சுண்ணமும். ஞானியின் உடல் தீயில் வெந்தால் நாட்டுக்குக் கேடு வரும் என்றும் அப்பகுதி எச்சரிக்கிறது. கியூவின் தேள் கதையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். இமயத்திலும் தமிழ் நிலத்திலும், துறவியின் உடலும் ஊரின் நலமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

குழியில் இடும் பொருட்களை வேதியியற் கண்ணோடு பார்த்தாலும் வியப்புத்தான். திருநீறு நுண்ணிய சாம்பல், ஈரத்தை ஈர்க்கும், காரத்தன்மை கொண்டது. பிற்கால வழக்கில் மூட்டைக் கணக்கில் இடப்படும் உப்பு நீரை வெளியே இழுக்கும். கற்பூரம் பூச்சிகளை விரட்டும். உடல் கெடாமல் காப்பதே நோக்கம் என்றால் இவையெல்லாம் சரியான தேர்வுகள்தாம். ஆனால் ஒன்பது சாண் ஆழம் என்பது ஏறத்தாழ இரண்டு மீற்றர். நம் கரையோர மண்ணில் மாரிக்காலத்தில் நிலத்தடி நீர் அதைவிட மேலே வந்துவிடும். உப்பு கரையும், சாம்பல் சேறாகும்.

நிலத்துக்குள் வைக்காமல் காற்றோட்டத்தில் வைத்தால் வெப்பநாட்டிலும் வேறு முடிவு கிடைக்கலாம். தாய்லாந்தின் சாமுய் தீவில், 1973இல் தியான நிலையிலேயே மறைந்த லுவாங் போ தேங் என்ற முதிய துறவியின் உடல் இன்றும் குனாராம் விகாரையில் அமர்ந்தபடி இருக்கிறது. கண்கள் வற்றிப்போனதால் கறுப்புக்கண்ணாடி அணிவித்திருக்கிறார்கள். மெலிந்த முதுமை, உணவு நிறுத்திய கடைசி நாட்கள், நிலத்துக்கு மேலே வைத்த உடல் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்தன. திருவரங்கத்தில் இராமாநுசரின் திருமேனியே சன்னிதியில் அமர்ந்திருப்பதாக வைணவ மரபு நம்புகிறது. ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் கலந்த பூச்சு அங்கே சார்த்தப்படுகிறது. கோவாவில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். தசை சீக்கிரம் போய் எலும்பைக் கொண்டுசெல்ல வசதியாயிருக்கும் என்று பெட்டிக்குள் சுண்ணாம்பு நிரப்பினார்கள். மாதங்கள் கழித்துத் திறந்தபோது உடல் குலையாமல் இருந்தது. பக்தர்கள் அதை அற்புதம் என்றார்கள். சுட்ட சுண்ணாம்பு நீரைப் பேராசையோடு உறிஞ்சும் பொருள் என்பது வேதியியல் தரும் விளக்கம்.

வன்னியிலும் அதைச் சூழ்ந்த நிலங்களிலும் தொன்மக்கள் இறந்தோரை எப்படி வைத்தார்கள் என்பதற்கு வேறு சான்றுகள் உள்ளன. புத்தளம் பக்கத்துப் பொம்பரிப்பில் ஈமத்தாழிகள் பெருமளவில் கிடைத்தன. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, ஒரு எலும்புக்கூட்டின் தலைமாட்டில் எழுத்துப் பொறித்த முத்திரை இருந்தது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணத்தின் 'பூநகரி - தொல்பொருளாய்வு' என்ற நூல் (1993), இப்பிரதேசத்தின் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களையும் ஆதிக் குடியிருப்புகளையும் பதிவுசெய்தது. தோல் இல்லை, தசை இல்லை, மயிர் இல்லை. ஓடும் எலும்பும் உலோகமுமே நம் மண் விட்டுவைத்தவை. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் எலும்பு நிலைக்கும், அமில மண்ணில் அதுவும் கரையும். ஆகவே இங்கே ஒருவர் வாழ்ந்தாரா என்பதற்கு அவருடைய உடலைத் தேடக்கூடாது. அவர் கைபட்ட பானையைத் தேட வேண்டும்.

காபன் சொல்லும் வயது

கியூத் துறவியின் காலத்தைச் சொன்ன காபன்-14 முறை, எலும்பு மட்டுமே மிஞ்சும் நம் நாட்டுக்கும் பொதுவானது. உயிரோடு இருக்கும்வரை நாம் உணவு வழியே காபன்-14ஐப் பெற்றுக்கொண்டே இருக்கிறோம். இறந்ததும் வரவு நிற்கிறது, இருப்பு மட்டும் சிதைகிறது. 5,730 ஆண்டுகளில் பாதி குறையும். 500 ஆண்டுகளில் குறைவது ஏறத்தாழ 6 சதவீதம்தான். இந்தச் சிறு வேறுபாட்டை அளந்து, மரவளையங்களின் நெடுங்கணக்கோடு ஒப்பிட்டுக் காலத்தைத் தீர்மானிக்கிறார்கள். கடலுணவை மிகுதியாக உண்டவரின் எலும்பு உண்மையைவிடச் சில நூறு ஆண்டுகள் முதியதாகத் தோன்றலாம், அதைத் திருத்தும் முறைகள் உண்டு. 1950களிலிருந்து நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலக் காபன்-14ஐ 1963 அளவில் ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. அதற்குப் பிறகு பிறந்தவர்களின் உடலில் அந்த முத்திரை தெளிவாகவே இருக்கும்.

பூநகரியிலிருந்து தெற்கே செல்லும் ஏ-32 வீதியின் மறுமுனை மன்னார்ப் பக்கம். அந்நகரில் 2018இல் சதொசக் கட்டடம் ஒன்றுக்காக நிலம் வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. மாதிரிகள் சில அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட, 2019இல் வந்த முடிவு அவற்றை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடைப்பட்டவை என்றது. கியூத் துறவியின் காலமும் இந்த எல்லைக்குள் விழுகிறது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் பலர் அம்முடிவோடு அமைதியடையவில்லை. மேலும் மாதிரிகளைச் சோதிக்கக் கோரினர். அந்தக் கோரிக்கை உணர்ச்சியால் மட்டும் எழுந்ததல்ல, அறிவியல்முறைப்படியும் நியாயமானது. காபன் ஒரு மாதிரியின் காலத்தைச் சொல்லும். அவர் யார், எப்படி இறந்தார், பக்கத்தில் கிடப்பவரும் அதே காலத்தவரா என்பதற்கெல்லாம் எலும்புக் காயங்கள், மரபணு, மண்படைகள், உடன்கிடைத்த பொருட்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே பேச வேண்டும். தோலும் முகமும் மிஞ்சிய கியூவில் ஒரே பார்வையில் கிடைக்கும் விடைகள், நம் மண்ணில் பல ஆய்வுகளின் உழைப்பால்தான் கிடைக்கும்.

வளரும் மயிர், கசியும் தோல்

துறவியின் மயிரும் நகமும் இன்னும் வளர்கின்றன என்று கியூவில் சொல்வதுண்டு. இறந்தவர்களைப் பற்றி உலகெங்கும் சொல்லப்படும் செய்தி இது. வளர்வதற்குக் கலங்கள் பிரிய வேண்டும், அதற்கு இரத்தம் கொண்டுவரும் குளுக்கோசு வேண்டும். உண்மையில் நடப்பது தோல் வற்றிப் பின்வாங்குவது. நகத்தின் அடிப்பகுதியும், முன்பு தோலுக்குள் இருந்த மயிரின் வேர்ப்பகுதியும் வெளித்தெரிவதால் நீண்டதுபோலத் தோன்றுகிறது. அது உலர்தலின் அடையாளம், உயிரின் அடையாளமல்ல.

கவலைப்பட வேண்டியது எதிர்த்திசையில். வற்றிய உடல் மீண்டும் ஈரமானால் நின்றுபோன வேலை மறுபடி தொடங்கும். சிலியின் சின்சோரோ மக்கள் பதப்படுத்திய, 7,000 ஆண்டுகள் வரை பழமையான உடல்கள் அரிக்கா அருங்காட்சியகத்தில் கறுத்துக் கசியத் தொடங்கியதை ஆராய்ந்த ஹார்வர்ட் நுண்ணுயிரியலாளர் ரால்ப் மிட்செல் 2015இல் காரணத்தைச் சொன்னார். காற்றின் ஈரப்பதன் கூடியிருந்தது. சாதாரணமாக நம் தோலில் வாழும் பற்றீரியாக்களே அந்தப் பழைய தோலைத் தின்றுகொண்டிருந்தன. எகிப்திய உடல்களுக்கும் முந்தியவை அவை. பாலைவனம் காத்ததை ஈரம் சில பத்தாண்டுகளில் குலைத்துவிட்டது. இத்தாலியில் ஓட்ஸியைப் பூச்சியத்துக்குக் கீழ் 6 பாகையில், அதற்கென அமைத்த அறையில் வைத்திருப்பதும் நுண்ணுயிர்கள் பெருகாதிருக்கத்தான்.

அமைதியாக நிற்கும் ஒரு மனிதர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 40 முதல் 50 கிராம் நீராவியை வெளிவிடுகிறார். பத்துப் பேர் சிறிய அறையொன்றில் ஒரு மணி நேரம் நின்றால் ஏறத்தாழ அரை லீற்றர் நீர் காற்றில் கலக்கிறது. ஸ்பிட்டிக்குப் பயணிகள் ஆண்டுதோறும் பெருகுகிறார்கள். 500 ஆண்டுகள் மலை தனியாகச் செய்த காவலை இனி மனிதரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அறையில் ஈரப்பதன்மானி, உள்ளே செல்வோர் தொகைக்கு வரம்பு, பேழையில் காற்றுப்புகா அடைப்பு ஆகியவை பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடுகளல்ல. அந்த உடலை ஊரார் காட்சிப் பொருளாகக் கருதுவதில்லை, வாழும் லாமாவாகவே வணங்குகிறார்கள். அதனால் எந்த ஏற்பாடும் அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் கையாலேயே நடக்க வேண்டும்.

தவமா, மலையா என்ற கேள்விக்கு விடை இதுதான். துறவி தம் உடலிலிருந்த ஈரத்தைக் குறைத்துக்கொண்டார், எஞ்சியதை மலை எடுத்துக்கொண்டது. இரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் அவர் எலும்பாகியிருப்பார். மூன்றாவது பங்கு இப்போது பார்க்கப் போகிறவர்களுடையது. வணங்கிவிட்டுச் சீக்கிரம் வெளியே வந்துவிட வேண்டும்.